கையில் ஒரு ஜி.பி.எஸ்.: ஆகாசத்திலும் அயல்நாட்டிலும்

(நம் சங்கத்தின் கோந்த்வா கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சில இடங்களில் சற்று விரிவாக்கப்பட்டுள்ளது.)

 

"மாமா, ஸயன்ஸ் விஷயமாகவும் இருக்கணும், எல்லோருக்கும் உபயோகமாகவும் இருக்கணும், முக்கால் மணிக்குள் முடியவும் வேணும்" என்று நம் செயலாளர் மூன்று நிபந்தனைகள் போட்டார். மூன்றாவது நிபந்தனை எனக்காகவே விசேஷமாகப் போட்டது என்று தெரிகிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஹாலில் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத குடும்பம் அபூர்வம். வருஷத்துக்கு ஒரு முறையாவது பெட்டியைக் கட்டுகிறோம். பருப்புப்பொடி, ஊறுகாய், பேத்திக்குப் பட்டுப்பாவாடை இவற்றோடு நான் தவறாமல் கைப்பையில் வைத்துக்கொள்வது இந்தச் சின்னக் கருவி. உள்ளங்கையில் அடங்கும். இரண்டு பென்சில் செல் போட்டால் ஒரு நாள் முழுக்க ஓடும். சிம் கார்டு கிடையாது, மாதச் சந்தா கிடையாது. திறந்த வெளியில் வைத்தால் நாம் பூமியில் எங்கே நிற்கிறோம் என்று சில மீட்டர் பிசகுக்குள் சொல்லிவிடும். கையடக்க ஜி.பி.எஸ். ரிசீவர் என்று பெயர்.

மொபைல் போனிலேயே அது இருக்கிறதே, தனியாக எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கும் வருகிறேன். ஆனால் இன்றைக்கு நான் பேச ஒப்புக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கிற, இதே கம்பெனிகள் செய்கிற இன்னொரு கருவி இருக்கிறது. அது அமெரிக்காவில் கடையில் தாராளமாகக் கிடைக்கும். நம் ஊர் விமான நிலையத்தில் அதே கருவி உங்களைப் போலீஸ் ஸ்டேஷன் வரை கொண்டுபோய்விடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் வயதுக்காரர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் பௌதிகம் தேவை. 1970-ல் பி.எஸ்ஸி. முடித்தவன் நான், படித்ததைப் பாதி மறந்துவிட்டேன், ஆகவே பயப்பட வேண்டாம்.

ஜி.பி.எஸ். ரிசீவர் என்பது ஒரு டிரான்ஸிஸ்டர் ரேடியோ. அவ்வளவுதான். காலையில் நாம் ரேடியோவில் நியூஸ் கேட்பது வானொலி நிலையத்துக்குத் தெரியாது. அதே போல மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுகளுக்கு நாம் கேட்கிறோம் என்பதே தெரியாது. அமெரிக்க அரசு நடத்தும் இந்த ஏற்பாட்டில் குறைந்தபட்சம் 24 சாட்டிலைட்டுகள். நடைமுறையில் 30-க்கும் மேல் வேலை செய்கின்றன. தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில், ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகின்றன. ஒவ்வொன்றும் ஓயாமல் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது: "நான் இன்ன நம்பர், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது."

அந்தச் செய்தி நம் கைக்கு வந்து சேர ஒரு செகண்டில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு தாமதம் என்று தெரிந்தால், ஒளியின் வேகத்தால் பெருக்கி எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்துவிடலாம். மூன்று சாட்டிலைட்டுகளின் தூரம் தெரிந்தால் நம் இடம் தெரியும். நாலாவது எதற்கு என்றால், மேலே இருப்பவை அணுக் கடிகாரங்கள், நம் கையில் இருப்பது சாதாரணக் கடிகாரம்; இதன் பிசகைச் சரிசெய்ய நாலாவது வேண்டும். ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். இங்கே ஐன்ஸ்டீன் வேறு உள்ளே வருகிறார். மேலே உள்ள கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செகண்ட் அதிகமாக ஓடும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் தப்பாகக் காட்டும். கல்லூரியில் ரிலேட்டிவிடி படித்தபோது "இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று நாங்கள் பின் பெஞ்சில் பேசிக்கொண்டது ஞாபகம் வருகிறது.

இது ராணுவத்துக்காக ஏற்பட்டது. முதல் சாட்டிலைட் 1978-ல் மேலே போயிற்று. நம் போன்ற ஜனங்களுக்குக் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு துக்கமான சம்பவம். 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி, அலாஸ்காவிலிருந்து ஸியோல் நகருக்குப் போன கொரியப் பயணிகள் விமானம் வழி தவறி ஸோவியத் எல்லைக்குள் நுழைந்தது. போர் விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேரும் மாண்டார்கள். தாங்கள் பாதையை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகியது விமானிகளுக்கே தெரியவில்லை. அந்த மாதமே ஜனாதிபதி ரீகனின் அரசு, இந்த வசதி தயாரானதும் உலகத்தில் எல்லோரும் இலவசமாக உபயோகிக்கலாம் என்று அறிவித்தது. ஆனாலும் பொதுஜனங்களுக்குப் போகும் சமிக்ஞையில் வேண்டுமென்றே கொஞ்சம் தப்பைக் கலந்துவைத்தார்கள். நூறு மீட்டர் வரை பிசகும். 2000-ஆம் வருஷம் மே மாதம் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கையடக்கக் கருவிக்கு உண்மையான மதிப்பு வந்தது.

இனி விமானத்துக்கு வருவோம். ஆகாசத்தில் இது வேலை செய்யுமா? பேஷாகச் செய்யும். மொபைல் டவர் கிடையாது, இன்டர்நெட் கிடையாது, ஆனால் சாட்டிலைட் இருக்கிறதே. விமானத்தின் உடம்பு உலோகம், அதன் வழியே சமிக்ஞை வராது. ஜன்னல் வழியே மட்டும்தான். அதனால் ஜன்னல் ஸீட் கட்டாயம். நடு ஸீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு "வேலை செய்யவில்லை" என்று சொன்னால் கருவி மேல் குற்றமில்லை. ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்து ஆகாசம்தான் தெரியும் என்பதால் ஐந்தாறு சாட்டிலைட் கிடைத்தாலே பாக்கியம்.

இன்னொரு சூட்சுமம். கருவி நெடுநாள் தூங்கியிருந்தால், விழித்ததும் எந்தச் சாட்டிலைட் எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். எல்லாச் சாட்டிலைட்டுகளின் முழுப் பஞ்சாங்கத்தையும் ஆகாசத்திலிருந்து இறக்கிக்கொள்ள பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். மணிக்கு 900 கி.மீ. ஓடிக்கொண்டே, ஒரு சின்ன ஜன்னல் வழியாக அதைச் செய்யச் சொன்னால் திணறும். ஆகவே விமான நிலையத்துக்குள் நுழைவதற்கு முன், டாக்ஸியிலிருந்து இறங்கிய இடத்தில், வெட்டவெளியில் ஐந்து நிமிஷம் அதை ஆன் செய்து வைத்து விடுங்கள். அந்தக் கணக்கு சில மணி நேரத்துக்குச் செல்லும். அப்புறம் மேலே போய்ப் பிடித்தால் ஓரிரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் முதலில் அனுமதி. இதில் எனக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் உண்டு. விமானத்தில் எந்த எலெக்ட்ரானிக் சாமானுக்கும் விமானப் பணியாளர் சொல்வதே சட்டம். நம் நாட்டில் 2014-லிருந்து, தானாக அலை அனுப்பாத நிலையில் வைத்த கருவிகளைப் பயணம் முழுக்க உபயோகிக்க அனுமதி இருக்கிறது. ஆனால் கடைசி வார்த்தை அந்தந்த விமானக் கம்பெனியுடையது. சில கம்பெனிகள் ஜி.பி.எஸ். ரிசீவரைப் பெயர் சொல்லி அனுமதிக்கின்றன, சில பெயர் சொல்லித் தடுக்கின்றன. நான் எப்போதும் விமானம் மேலே ஏறி ஸீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, கருவியைக் காட்டி, "இது கேட்கும், பேசாது" என்று விளக்கி அனுமதி கேட்பேன். பத்துக்கு எட்டுத் தடவை "ஓ.கே. அங்கிள்" என்பார்கள். ஒரு வெளிநாட்டுப் பயணத்தில் மட்டும் பாதி வழியில் ஒரு பணியாளர் வந்து, உள்ளே வைக்கும்படி கடுமையாகவே சொன்னார். வைத்துவிட்டேன். வாதாடவில்லை. 36,000 அடி உயரத்தில் பௌதிகப் பாடம் நடத்துவது உசிதமல்ல.

அவர்கள் பயப்படுவதில் துளி நியாயமும் இருக்கிறது. ரிசீவர் என்றாலும் உள்ளே ஒரு சின்ன ஆஸிலேட்டர் உண்டு, அதிலிருந்து மிக மெல்லிய அலை கசியும். பழைய எஃப்.எம். ரேடியோவை விமானத்தில் தடுத்ததற்கு இதுவே காரணம். அது கசியும் அலை, விமானம் வழி காண உபயோகிக்கும் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையிலேயே போய் விழும். ஜி.பி.எஸ். இயங்குவது 1575 மெகாஹெர்ட்ஸில். ரொம்ப தூரம் தள்ளி. ஆனாலும் பைலட்டின் திருப்திதான் முக்கியம்.

நம் புணே விமான நிலையம் லோஹகாவ்(ன்) விமானப்படைத் தளத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அங்கே போட்டோ எடுக்கவே தடை. 2025 மே மாதம் ராணுவ விமான தளங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் மறைப்பைக் கீழே இறக்கச் சொல்லி உத்தரவே போட்டார்கள். ஆகவே புணேயில் கிளம்பும்போதோ இறங்கும்போதோ ஜன்னலில் ஒரு கருவியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். மேலே போன பிறகு பார்த்தால் போதும்.

அப்படி என்ன பார்க்க இருக்கிறது? கோந்த்வா சுமார் 18 டிகிரி 28 நிமிஷம் வடக்கு, 73 டிகிரி 53 நிமிஷம் கிழக்கு. ஒரு டிகிரி அட்சரேகை 111 கி.மீ.; ஆகவே நாம் இப்போது பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 2,050 கி.மீ. வடக்கே உட்கார்ந்திருக்கிறோம். புணேயிலிருந்து சென்னைக்கு மேப்பில் ஒரு நேர்கோடு போட்டால் 900 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அந்தக் கோடு பீஜப்பூர், அதோனி, கடப்பா இவற்றின் பக்கமாக ஓடி, திருப்பதியைத் தொட்டுக்கொண்டு சென்னைக்கு இறங்கும். விமானம் அச்சாக அந்தக் கோட்டிலேயே போகாது, தனக்கென்று உள்ள தடத்தில் போகும். ஆனாலும் கையில் கருவியும் ஒரு மேப்பும் இருந்தால், கீழே தெரிகிற ஆறு கிருஷ்ணாவா, துங்கபத்ராவா என்று சொல்ல முடியும். கருவியில் திருமலையை ஒரு புள்ளியாகக் குறித்து வைத்தேன். அது எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்று அம்புக்குறி காட்டும். என் சகதர்மிணிக்கு இந்த விஞ்ஞானத்தில் நம்பிக்கை வந்தது அந்த அம்புக்குறியைப் பார்த்த பிறகுதான். சரியான திசை தெரிந்து கைகூப்பலாம் அல்லவா?

வேகமும் ஸ்வாரஸ்யமான விஷயம். கருவி காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். அது பின்னாலிருந்து தள்ளினால் 1,000 கி.மீ.க்கு மேல் காட்டும். எதிர்த்தால் 800-க்கும் கீழே இறங்கும். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா வரும் வழி சீக்கிரமாகவும், போகும் வழி தாமதமாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

உயரத்தில் ஒரு வேடிக்கை. சில உயர்ந்த ரகக் கருவிகளில் காற்றழுத்தமானியும் சேர்த்து வைத்திருப்பார்கள். அதில் விமானத்துக்குள் உயரம் பார்த்தால் 11,000 மீட்டர் காட்ட வேண்டிய இடத்தில் 2,000 மீட்டர், 2,200 மீட்டர் என்று காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை. விமானத்துக்குள் செயற்கையாகக் காற்றை அடைத்து, அழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கிறார்கள். அதாவது வெளியே எவரெஸ்ட்டைத் தாண்டி உயரத்தில் பறந்தாலும், நம் நுரையீரலும் காதும் கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கின்றன. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள், இருதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள், நெடும் பயணத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான். உண்மையான உயரம் வேண்டுமானால் அதே கருவியில் சாட்டிலைட் பக்கத்தில் உள்ள உயரத்தைப் பாருங்கள். அதுவும் பைலட் சொல்வதோடு சில நூறு மீட்டர் வித்தியாசப்படும். பைலட்டின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறது. நம் உஷ்ணப் பிரதேசத்தில் விமானம் அது காட்டுவதைவிட மேலேதான் இருக்கும். எல்லா விமானமும் ஒரே தப்பைச் செய்வதால் மோதல் இல்லை.

நியூயார்க் போகிறவர்கள் அட்சரேகையைக் கவனியுங்கள். மும்பை 19 டிகிரி, நியூயார்க் 41 டிகிரி. நடுவில் 30 டிகிரி வழியாகப் போகும் என்றுதானே தோன்றும்? பூமி உருண்டை. அதன் மேல் மிகக் குறுகிய வழி 64 டிகிரிக்கும் வடக்கே ஏறி இறங்குகிறது. ஒரு குளோபில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், பேரக்குழந்தைகளுக்கும் காட்டுங்கள். நடைமுறையில் எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். 2025 ஏப்ரல் கடைசியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, மேற்கே போகும் நம் விமானங்கள் தெற்கே சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்தது.

சில இடங்களில் கருவி திடீரென்று ஊமையாகிவிடும், அல்லது உளறும். பயப்பட வேண்டாம். இருபதாயிரம் கி.மீ.க்கு அப்பாலிருந்து வரும் சமிக்ஞை மிகமிக மெல்லியது. தரையில் ஒருவன் அதே அலையில் உரக்கக் கத்தினால் அது அமுங்கிப்போகும். இன்னும் சாமர்த்தியசாலி பொய்யான சமிக்ஞை அனுப்பி ஏமாற்றவும் முடியும். யுத்தம் நடக்கும் பிரதேசங்களில் இதைச் செய்கிறார்கள். 2023-24-ல் இஸ்ரேலில் இருந்தவர்களின் போன்கள், அவர்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. நம் எல்லையிலும் அம்ரித்ஸர், ஜம்மு பக்கம் 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை 465 தடவை இப்படிக் குறுக்கீடு நடந்ததாக, நம் புணே எம்.பி.யும் விமானத் துறை ராஜாங்க மந்திரியுமான முரளீதர் மோஹோல் லோக்சபாவில் தெரிவித்தார். 2025 நவம்பரில் தில்லி விமான நிலையம் அருகிலேயே இறங்க வந்த விமானங்களுக்கு இது நேர்ந்தது. விமானங்களுக்கு வழி காண வேறு சாதனங்களும் உண்டு, தரையில் உள்ள பழைய ரேடியோ உபகரணங்களும் உண்டு, அதனால் அபாயம் இல்லாமல் இறங்கின. "பழசு எல்லாவற்றையும் கழித்துக் கட்டு" என்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இனி வெளிநாட்டில் இறங்கிய பிறகு. என் அனுபவத்தில் கருவி உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஆகாசம் அல்ல, பெண் வீட்டுத் தெருதான். அமெரிக்காவில் புறநகர்க் காலனிகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே வர்ணம், தெருக்கள் வளைந்து வளைந்து திரும்பின இடத்துக்கே வரும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆபீஸுக்குப் போயாச்சு, பேரன் ஸ்கூலுக்குப் போயாச்சு. சாயங்காலம் ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்புகிறோம். நம் கோந்த்வாவில் வழி தெரியாவிட்டால் பால்காரரிடமோ இஸ்திரிக்காரரிடமோ கேட்டுவிடலாம். அங்கே தெருவில் ஒரு ஈ காக்காய் கிடையாது. கதவைத் தட்டி விசாரிக்கவும் தயக்கம். நம் இந்திய போனில் ரோமிங் போட்டிருக்க மாட்டோம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், சர்க்கரை வியாதிக்காரர், இருட்டின பிறகும் மூன்று மணி நேரம் குளிரில் சுற்றி, கடைசியில் ரோந்து வந்த போலீஸ்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். வெளியூரில் பெற்றோர்களை வரவழைக்கும் குழந்தைகள் இந்த ஒரு விஷயத்தை யோசிப்பதே இல்லை.

பெண் வீட்டு வாசலில் நின்று கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி "வீடு" என்று ஒரு புள்ளியைக் குறித்து வைத்துவிடுங்கள். எங்கே போய்ச் சுற்றினாலும் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அம்பு வீட்டைக் காட்டும், எத்தனை மீட்டர் என்றும் சொல்லும். நெட் தேவையில்லை. ஒரு விஷயம் மட்டும்: அம்பு காட்டுவது நேர்த்திசை, அது நடுவில் உள்ள வேலியையும் குளத்தையும் அறியாது. வந்த வழியே திரும்ப வேண்டுமானால் நடந்த தடத்தைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, அதைப் பின்பற்றலாம். சகதர்மிணிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் நாளே என்னை விட்டுவிட்டுத் தனியாக நடை போக ஆரம்பித்துவிட்டாள்.

போன் போதாதா என்ற கேள்விக்குப் பதில் இங்கே. போதும், பெரும்பாலோருக்குப் போதும். போனை விமானப் பயண நிலையில் வைத்தாலும் இப்போதைய போன்களில் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஏனென்றால் அது கேட்கும் காது மட்டும்தானே. மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் தெரியும். நெட் இல்லாதபோது முதல் தடவை இடம் கண்டுபிடிக்கப் போன் சில நிமிஷம் எடுத்துக்கொள்ளும், பொறுமை வேண்டும். நான் தனிக் கருவி வைத்திருப்பதற்குக் காரணம், போன் பாட்டரி தீர்ந்தால் குழந்தைகளைக் கூப்பிடவும் வழியில்லை என்பது. பென்சில் செல் எந்தக் கடையிலும் கிடைக்கும். லிதியம் பாட்டரிகளை, உதிரியாக இருந்தால், செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் போகிறவர்கள் கிரீனிச் பழைய வானியல் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கட்டாயம் இதை எடுத்துப் போக வேண்டும். பூஜ்யம் டிகிரி தீர்க்கரேகை என்று கோடு போட்டிருப்பார்கள், இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு ஜனங்கள் போட்டோ எடுப்பார்கள். அங்கே நின்று ஜி.பி.எஸ். பார்த்தால் பூஜ்யம் வராது! மேற்கே ஐந்து செகண்டுக்குச் சற்று மேல் என்று காட்டும். கிழக்கே 102 மீட்டர் நடந்து பூங்காவுக்குள் போனால்தான் பூஜ்யம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏரி என்பவர் பாதரசத் தட்டை வைத்துச் செங்குத்துத் திசையை நிர்ணயித்தார். அந்த இடத்தின் புவியீர்ப்பு இம்மிப் பிசகு சாய்ந்திருந்தது. சாட்டிலைட்டோ பூமியின் மையத்திலிருந்து கணக்குப் போடுகிறது. ஏரியைக் குறை சொல்வதற்கில்லை. நம் பரங்கிமலையில் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி லாம்டன் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்து, அந்த அளவை இமயமலை வரை கொண்டுபோனார்களே, அவர்களிடமும் இவ்வளவு கருவிதான் இருந்தது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இதே உருவத்தில், மேலே குட்டியாக ஒரு ஆன்டெனா நீட்டிக்கொண்டு, சாட்டிலைட் மெஸஞ்சர் என்று ஒரு கருவி வருகிறது. மலை ஏறுகிறவர்கள் வைத்துக்கொள்வது. அதில் ஜி.பி.எஸ். இருக்கும், அதோடு, ஆபத்து என்றால் சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் வசதியும் இருக்கும். அதாவது இது கேட்பதோடு நிற்காது, பேசும். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் சாட்டிலைட் போனோ இந்த மெஸஞ்சரோ வைத்திருப்பதே குற்றம். உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும். 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டத்தை வைத்தே வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் கோவா டாபோலிம் விமான நிலையத்தில் ஒரு கனடா நாட்டு ஓட்டப்பந்தயப் பெண்மணியும் ஒரு செக் நாட்டுக்காரரும் இப்படிப்பட்ட கருவியோடு பிடிபட்டார்கள். 2025 மே மாதம் புதுச்சேரி விமான நிலையத்தில் ஒரு வெளிநாட்டு டாக்டரின் பையில் சாட்டிலைட் போன் அகப்பட்டது. இவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. ஸெக்யூரிட்டி எக்ஸ்ரேயில் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதிகாரிகள் மேல் கோபப்படுவதற்கில்லை. 2008 நவம்பரில் மும்பையில் வந்து இறங்கிய பயங்கரவாதிகள் "கூபேர்" மீன்பிடிப் படகைக் கடத்திக்கொண்டு கடல் வழி வந்தார்கள். அந்தப் படகில் ஜி.பி.எஸ். கருவியும் சாட்டிலைட் போனும் அகப்பட்டன. இதைப் பார்த்த நாடு சும்மா இருக்குமா? மற்ற நாடுகளும் லேசில்லை. 1997 நவம்பரில் ருஷ்யாவில் ரோஸ்தோவ் நகரில் ஜி.பி.எஸ். கருவியை வைத்து அளவெடுத்த ஓர் அமெரிக்கத் தொழில்நுட்பக்காரரை வேவு பார்த்ததாகவே கைது செய்தார்கள். சீனாவில் அனுமதியில்லாமல் நில அளவு எடுப்பது குற்றம். அங்கத்திய மேப்புகளே சாட்டிலைட் கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் வரை தள்ளிப் போட்டவை. ஆகவே எந்த நாட்டிலும் ராணுவ இடம், துறைமுகம், அணைக்கட்டு இவற்றின் பக்கத்தில் கருவியை எடுக்காதீர்கள். புணேயில் பாதி ஊரே ராணுவ வளாகம் என்பதால் இது நமக்கே பொருந்தும்.

சாதாரண ரிசீவர் நம் நாட்டில் கடையில் பகிரங்கமாக விற்பது. ராமேச்வரத்து மீனவர்களும் வனத்துறைக்காரர்களும் வைத்திருப்பது. ஆனால் பிரிட்டிஷ் அரசு தன் ஜனங்களுக்குத் தரும் பயண எச்சரிக்கையில், இந்தியாவில் சாட்டிலைட் போனோடு சாட்டிலைட்டால் இயங்கும் வழிகாட்டிக் கருவிகளுக்காகவும் ஆட்கள் பிடிபட்டிருப்பதாகச் சேர்த்தே சொல்கிறது. விமான நிலையத்தில் உள்ள இளம் அதிகாரிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும் என்று நிச்சயமில்லை. நான் கருவியின் விளக்கப் புத்தகத்தில், இது வாங்கும் கருவி மட்டுமே என்று போட்டிருக்கும் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கூடவே வைத்திருக்கிறேன். இருதடவை காட்ட வேண்டி வந்தது. இரண்டு தடவையும் நல்லபடியாக விட்டார்கள்.

என் மாப்பிள்ளை மலை ஏறும் பைத்தியம். போன தடவை கிளம்பும்போது ஆசையாக ஒரு ஆரஞ்சு நிறக் கருவியை என் கையில் வைத்து, "அப்பா, ஸஹ்யாத்ரியில் நடக்கப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஆனால் இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும்" என்றார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் சாட்டிலைட்டுக்குச் செய்தி போகும் என்று இருந்தது. "ரொம்ப சந்தோஷம், உங்களிடமே இருக்கட்டும்" என்று அங்கேயே கொடுத்துவிட்டேன். கொஞ்சம் முகம் வாடினார். நாம் திரும்பி வரும்போது பெட்டியில் குழந்தைகள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று நாமே ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. அவர்கள் அங்கே பதினைந்து வருஷம் இருந்துவிட்டார்கள், இங்கத்திய சட்டம் அவர்களுக்கு எங்கே தெரியும்? கடையில் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இது செய்தி அனுப்புமா? இதற்கு மாதச் சந்தா உண்டா?" உண்டு என்றால் அது இந்தியாவுக்கு வேண்டாம்.

பேச்சு முடிந்தபின் சிலர் கேட்டவற்றையும் சேர்த்துவிடுகிறேன். நம் நாட்டுக்கென்று சொந்த ஏற்பாடு இல்லையா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, நாவிக் என்று பெயர், முதல் சாட்டிலைட் 2013 ஜூலையில் போயிற்று. நம் நாட்டையும் சுற்றியுள்ள 1,500 கி.மீ. தூரத்தையும் உத்தேசித்தது, சில சாட்டிலைட்டுகளின் அணுக் கடிகாரங்கள் பழுதாகிப் பின்னடைவு ஏற்பட்டது, புதியவற்றை அனுப்பிவருகிறார்கள். நியூஜெர்ஸி தெருவில் வழி காட்ட அது உதவாது. மழை மேகம் இருந்தால் வேலை செய்யுமா என்று ஒரு மாமி கேட்டார். செய்யும், மேகம் தடுக்காது, கான்கிரீட் கூரைதான் தடுக்கும். பேரன் வாங்கித் தந்த கைக்கடிகாரத்திலும் ஜி.பி.எஸ். என்று போட்டிருக்கிறதே, அதைக் கழற்ற வேண்டுமா என்று இன்னொருவர் கையை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். கேட்கிற ரகம்தான். தாராளமாகக் கட்டிக்கொண்டு போகலாம்.